வீட்டிலிருந்து டைப்பிங் வேலை: 6,490 ரூபாய் கட்டச் சொல்லி லீகல் நோட்டீஸ் மெயில் வந்திருக்கிறது, யாராவது உதவுங்கள்

பொருநைக்கரை_மீனா
செவ்வாய், இரவு 11:20

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு மாதமாக இங்கே படித்துக்கொண்டுதான் இருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. பையன் தூங்கின பிறகு அவசரமாக எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அம்பாசமுத்திரம் பக்கம். பி.காம் முடித்துவிட்டு ஒரு ஆடிட்டர் ஆபீஸில் இரண்டு வருடம் டேலி என்ட்ரி போட்டேன். இப்போது பையனுக்கு ஒன்றரை வயது, வெளியே வேலைக்குப் போக வழியில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்தது. வீட்டிலிருந்தே ஃபார்ம் ஃபில்லிங், 5 நாளில் 600 ஃபார்ம், முடித்தால் 18,000 ரூபாய், முன்பணம் வேண்டாம். முன்பணம் கேட்டால் மோசடி என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இவர்கள் கேட்கவில்லையே என்றுதான் நம்பினேன். ஆதார் நகல், போட்டோ, கையெழுத்து எல்லாம் அனுப்பினேன். ஒரு லிங்கில் 9 பக்க அக்ரிமென்ட் வந்தது, படிக்காமலே கீழே போய் ஓகே கொடுத்துவிட்டேன்.

நான்கு நாள் ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து 540 ஃபார்ம் முடித்தேன். ஐந்தாம் நாள் அந்த வெப்சைட் திறக்கவே இல்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. மறுநாள் 'குவாலிட்டி ரிப்போர்ட்' என்று ஒரு மெயில், என் வேலை 71 சதவீதம்தான் சரியாம், 90 இருக்க வேண்டுமாம், அதனால் நான் 6,490 ரூபாய் கட்ட வேண்டுமாம். இன்று சாயங்காலம் அடுத்த மெயில். மேலே அசோகச் சின்னம், 'ஹை கோர்ட் லீகல் டிபார்ட்மென்ட்' என்று பெயர், 24 மணி நேரத்தில் கட்டாவிட்டால் எஃப்ஐஆர், வாரண்ட் என்று சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறது. வக்கீல் என்று ஒருவர் போனில் அதட்டினார், பக்கத்து வீட்டுக்காரர்களிடம் விசாரிக்கப் போலீஸ் வரும் என்றார்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. குழு லோன் தவணைக்கு எடுத்து வைத்த பணம் கையில் இருக்கிறது. கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாமா?

கேட்டெழுதி
செவ்வாய், இரவு 11:41

மீனா, கட்டாதே. மற்றதெல்லாம் நிதானமாகப் பேசலாம், இன்றைக்கு ராத்திரி அந்தப் பணம் உன் கையை விட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

இதே மாதிரி எனக்கும் நடந்தது. நான் கட்டினேன். முதலில் 4,720 ரூபாய். அதோடு முடிந்தது என்று நினைத்தேன், இரண்டாம் நாள் 'கேஸை வாபஸ் வாங்க என்ஓசி கட்டணம்' என்று 9,000 கேட்டார்கள், அதையும் கட்டினேன். மூன்றாவது தடவை 'கோர்ட் டெபாசிட், திரும்பக் கிடைக்கும்' என்று 22,000 கேட்டபோதுதான் என் தம்பியிடம் அழுதுகொண்டே சொன்னேன். நான் கட்டக் கட்டத்தான் அவர்களுக்குத் தெம்பு வந்தது. ஒரு தடவை பயந்து கட்டியவள் இன்னொரு தடவையும் கட்டுவாள் என்று அவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. 540 ஃபார்ம் போட்டாயே, அந்த உழைப்பு உண்மையானது. அந்த ஃபார்ம்கள்தான் பொய். அவற்றை யாரும் எதற்கும் உபயோகிக்கப் போவதில்லை. நான்கு நாள் உழைத்தவளிடம் 'உன் வேலை சரியில்லை' என்று சொன்னால் அவள் தன் மேலேயே சந்தேகப்படுவாள், அதற்காகத்தான் அந்த வேலையைக் கொடுக்கிறார்கள். ஐந்தாம் நாள் சைட் திறக்காமல் போனதும் தற்செயல் இல்லை. எனக்கும் அப்படித்தான் நடந்தது, என் தோழி ஒருத்திக்கும் அப்படித்தான்.

சேலம்_வழக்குரை
புதன், காலை 6:15

அம்மா, நான் சேலத்தில் பிராக்டிஸ் செய்கிறேன். இந்த மாதிரி நோட்டீஸை எடுத்துக்கொண்டு மாதத்துக்கு ஒருவராவது ஆபீஸுக்கு வருகிறார்கள், பெரும்பாலும் உங்களைப் போலச் சின்னக் குழந்தை வைத்திருக்கும் பெண்கள், இல்லையென்றால் காலேஜ் பிள்ளைகள். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

ஹை கோர்ட்டுக்கு யாரிடமும் பாக்கி வசூல் செய்யும் 'லீகல் டிபார்ட்மென்ட்' கிடையாது. வக்கீல் நோட்டீஸ் என்பது ஒருவர் தன் கட்சிக்காரர் சார்பில் எழுதும் கடிதம். அது கோர்ட் உத்தரவு ஆகாது, அதை வைத்து யாரையும் கைது செய்ய முடியாது. உண்மையான நோட்டீஸில் வக்கீலின் பெயர், ஆபீஸ் முகவரி, கையெழுத்து எல்லாம் இருக்கும், வழக்கமாகப் பதிவுத் தபாலில் வரும். பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள், நம் ஊரில் பதிவு செய்தவர்களுக்கு எம்எஸ் என்று தொடங்கி எண்ணும் வருடமும் வரும். கேட்டவுடன் போனை வைத்துவிடுவார்கள். அசோகச் சின்னத்தை இப்படித் தனியார் உபயோகிப்பதே 2005-ஆம் வருடச் சட்டப்படி குற்றம்.

எஃப்ஐஆர் போடுவது போலீஸ், வக்கீல் இல்லை. ஒப்பந்தப்படி வேலை முடிக்கவில்லை என்பது சிவில் விவகாரம், அதற்கு வாரண்ட் வராது. நிஜமாகவே வழக்குப் போட்டிருந்தால் அதற்கு சிஎன்ஆர் என்று எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க எண் உண்டு. இ-கோர்ட்ஸ் வெப்சைட்டில் போட்டால் எந்தக் கோர்ட், எந்தத் தேதி என்று எல்லாம் வந்துவிடும், உங்கள் பெயரைப் போட்டும் தேடலாம். அந்த எண்ணைக் கொடுங்கள் என்று கேட்டு ஒரே ஒரு வரி பதில் அனுப்புங்கள், வேறு எதுவும் எழுத வேண்டாம், மன்னிப்புக் கேட்க வேண்டவே வேண்டாம்.

அக்ரிமென்டில் ஓகே கொடுத்துவிட்டோமே என்று பயப்படுகிறீர்கள். 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. ஏமாற்றி வாங்கின சம்மதத்தை, ஏமாற்றப்பட்டவர் ரத்து செய்யலாம் என்கிறது 19-வது பிரிவு. அபராதத் தொகை என்று ஒப்பந்தத்தில் எதை எழுதி வைத்திருந்தாலும் நியாயமான நஷ்ட ஈடு மட்டும்தான் கேட்க முடியும் என்கிறது 74-வது பிரிவு. அந்த நஷ்டத்தையும் அவர்கள் கோர்ட்டில் வந்து நிரூபிக்க வேண்டும். வருவார்களா? என் அனுபவத்தில் ஒருவர் கூட வந்ததில்லை.

மிரட்டிப் பணம் கேட்பது, ஐபிசிக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 308-வது பிரிவு, ஏமாற்றுவது 318-வது பிரிவு, கம்ப்யூட்டர் வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66டி. புகார் கொடுக்க வேண்டியவர் நீங்கள்தான், அவர்கள் இல்லை.

ஓய்வுபெற்றகணக்கர்
புதன், காலை 9:02

வங்கியில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வக்கீல் சொன்னது சரி. நான் காகிதம் பார்த்தே பழகினவன், அதனால் காகிதத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

6,490 என்பது என்ன தொகை என்று பாருங்கள். 5,500-க்கு 18 சதவீதம் போட்டால் சரியாக 6,490 வருகிறது. ஜிஎஸ்டி சேர்த்துக் கேட்கிறார்கள் போலத் தோன்றும். அப்படியானால் ஜிஎஸ்டி எண் எங்கே? எழுத்தும் எண்ணுமாக 15 இலக்கம் இருக்க வேண்டும், முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைச் சொல்லும், தமிழ்நாடு என்றால் 33. அந்த எண்ணை ஜிஎஸ்டி போர்ட்டலில் யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம், லாகின் தேவையில்லை. கம்பெனி பெயரும் மெயிலில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று தெரிந்துவிடும்.

பணம் எந்தக் கணக்குக்குக் கேட்கிறார்கள் மகளே? யுபிஐ ஐடியா? ஸ்கேன் செய்தால் யார் பெயர் வருகிறது? பணம் அனுப்பாமல் பெயரை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

பொருநைக்கரை_மீனா
புதன், காலை 10:30

ராத்திரி முதல் பதிலைப் படித்த பிறகுதான் கொஞ்சம் தூங்கினேன். எல்லோருக்கும் நன்றி.

ஐயா, க்யூஆர் கோடு அனுப்பியிருந்தார்கள், அதில் கம்பெனி பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனி ஆள் பெயர் வருகிறது. ஜிஎஸ்டி எண் எங்கேயும் இல்லை. இரண்டு வருடம் பில் பார்த்தவள் நான், எண் இல்லாத பில்லைப் பார்த்தாலே ஆடிட்டர் சார் திருப்பி அனுப்பச் சொல்வார். எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்று தெரியவில்லை. பயத்தில் அந்தச் சிவப்பு எழுத்தைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை.

சார், சிஎன்ஆர் எண் கேட்டு அனுப்பிவிட்டேன்.

முதல்தலைமுறை
புதன், மதியம் 1:15

நான் காலேஜ் மூன்றாம் வருடம். மெயில் எங்கிருந்து வந்தது என்று ஜிமெயிலிலேயே பார்க்கலாம் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். எனக்கு வந்த ஒரு இன்டர்ன்ஷிப் மெயிலை அப்படிப் பார்த்தேன், எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று அனுப்பினவரைச் சரிபார்க்கும் மூன்று சோதனையுமே பாஸ் என்று காட்டுகிறது. அப்படியென்றால் அது உண்மையான மெயில்தானே? ரெஜிஸ்ட்ரேஷனுக்கு 1,499 கேட்கிறார்கள், நாளைக்குக் கடைசி நாள்.

சர்வர்_அறை
புதன், மதியம் 2:48

தம்பி, இல்லை. இதில்தான் நிறைய பேர் தடுக்கி விழுகிறார்கள், அதனால் பொறுமையாகப் படி.

மெயில் அனுப்புவதற்கான விதிமுறை 1982-இல் எழுதப்பட்டது. அன்றைக்கு ஒருவரை ஒருவர் அறிந்த சில ஆராய்ச்சிக் கூடங்களுக்குள் போய்வந்த விஷயம் அது, அதனால் அனுப்புகிறவர் யார் என்று சரிபார்க்கும் ஏற்பாடே அதில் இல்லை. இன்லேண்ட் லெட்டரின் பின்பக்கத்தில் அனுப்புநர் முகவரி எழுதுகிறோமே, அங்கே நீ கலெக்டர் ஆபீஸ் என்று எழுதினாலும் தபால்காரர் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார், அந்த மாதிரி. பிறகு பல வருடம் கழித்துத்தான் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் எல்லாம் ஒவ்வொன்றாக ஒட்டுப் போட்டார்கள். மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்கள் இவற்றைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் சொன்னதே 2024 பிப்ரவரியில்தான்.

பாஸ் என்று காட்டுவதற்கு அர்த்தம், முகவரியில் 'அட்' குறிக்குப் பிறகு எந்த டொமைன் பெயர் இருக்கிறதோ அங்கிருந்துதான் நிஜமாகவே வந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த டொமைனை வைத்திருப்பவன் யோக்கியனா என்று அது சொல்லாது. மோசடிக்காரன் சில நூறு ரூபாய்க்குத் தனக்கென்று ஒரு டொமைன் வாங்கி எல்லாவற்றையும் ஒழுங்காக அமைத்துவிட்டால் அவனுக்கும் மூன்றும் பாஸ் ஆகும். ஃபெயில் என்று வந்தால் சந்தேகப்படு. பாஸ் என்று வந்தால் அடுத்து டொமைனைப் பார்.

டொமைனை எப்படிப் படிப்பது என்றால், 'அட்' குறிக்குப் பிறகு வருவதைப் பின்னாலிருந்து முன்னால் படிக்க வேண்டும். 'பெரிய கம்பெனி பெயர்' டாட் 'கேரியர்ஸ்-டெஸ்க்' டாட் 'இன்ஃபோ' என்று இருந்தால் அதன் சொந்தக்காரர் கேரியர்ஸ்-டெஸ்க், முன்னால் இருக்கும் கம்பெனி பெயர் வெறும் ஒட்டு. லிங்கிலும் அப்படித்தான், தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதற்கு அடுத்த முதல் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பதைப் பார். அப்புறம் ஹூஇஸ் தேடலில் அந்த டொமைனைப் போட்டால் என்றைக்கு வாங்கினது என்று தேதி வரும். 2009 முதல் சேவை செய்கிறோம் என்று எழுதியிருப்பான், டொமைனுக்கு வயது மூன்று வாரம் இருக்கும்.

வங்கிகளுக்கு இப்போது ஒரு நல்ல ஏற்பாடு வந்திருக்கிறது. டாட் பேங்க் டாட் இன் என்ற டொமைனுக்கு எல்லா வங்கிகளும் 2025 அக்டோபர் 31-க்குள் மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது, அந்த டொமைன் வங்கிகளுக்கு மட்டும்தான் கிடைக்கும். வெப்சைட்டில் அது இருக்கிறதா என்று பார்க்கலாம். உன் 1,499 விஷயம்: வேலை கொடுக்கிறவன் சம்பளம் கொடுப்பான், உன்னிடம் கேட்க மாட்டான். போகாதே.

ஓய்வுபெற்றகணக்கர்
புதன், மாலை 4:20

மீனா, ஆதார் கொடுத்துவிட்டீர்கள் அல்லவா, அதையும் கவனிக்க வேண்டும். எம்-ஆதார் ஆப்பில் பயோமெட்ரிக்கை, அதாவது கைரேகை, கண் பதிவை, பூட்டி வையுங்கள். உங்கள் பெயரில் யாராவது லோன் எடுத்திருக்கிறார்களா என்று பார்க்க நம் கடன் விவரங்களைச் சேர்த்து வைக்கும் சிபில் மாதிரியான நிறுவனங்கள் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும், 2017-இலிருந்து இருக்கும் விதி இது. இப்போது ஒரு தடவை ஒரு நிறுவனத்தில் பாருங்கள், மூன்று மாதம் கழித்து இன்னொன்றில் பாருங்கள்.

படிக்கிற மற்றவர்களுக்கு: பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். தூங்கி எழுந்து யோசிக்கலாம் என்று இருக்காதீர்கள். நீங்கள் அனுப்பின பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்கு, அங்கிருந்து நான்காக, பிறகு ஏடிஎம்மில் என்று சில மணி நேரத்தில் சிதறிவிடும். அது ஏதாவது ஒரு வங்கிக் கணக்கில் நிற்கும்போதே பிடித்து வைப்பதற்குத்தான் அந்த எண்ணும் சைபர் கிரைம் போர்ட்டலும். பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.

ரிசர்வ் வங்கி 2017-இல் போட்ட விதியை வைத்து வங்கியே பணத்தைத் திருப்பித் தரும் என்று சிலர் நம்புகிறார்கள். உங்களுக்குத் தெரியாமல் கணக்கிலிருந்து போன பணத்துக்குத்தான் அது உதவும். நீங்களே பின் போட்டு அனுப்பினால் அந்தப் பாதுகாப்பு கிடைப்பது கஷ்டம். கவுன்டரில் உட்கார்ந்து இதைச் சொல்லும்போது எத்தனையோ பேர் எதிரில் அழுதிருக்கிறார்கள், எனக்கு அது இன்னும் மறக்கவில்லை.

நெல்வயல்
புதன், இரவு 8:05

எல்லோரும் நன்றாகத்தான் விளக்குகிறீர்கள். ஆனால் நான் ஒன்று கேட்கிறேன், ஆன்லைனில் சம்பாதிக்கலாம் என்பதே ஏமாற்று இல்லையா? என் மருமகன் டெலிகிராமில் ஹோட்டலுக்கு ரிவ்யூ போடும் வேலை என்று சேர்ந்தான். முதல் நாள் 150 ரூபாய் வந்தது, இரண்டாம் நாள் 900 வந்தது, மூன்றாம் நாளிலிருந்து 'பிரீபெய்ட் டாஸ்க்' என்று போட்டுப் போட்டு 2 லட்சத்து 10 ஆயிரம் போனது. பொண்ணு நகை போனது. அந்தத் தங்கச்சிக்கு என் யோசனை, ஒரு தையல் மெஷின் வாங்குங்கள், கண் முன்னால் இருக்கும் ஆளிடம் கண் முன்னால் காசு வாங்குங்கள்.

கேட்டெழுதி
புதன், இரவு 9:50

அண்ணா, உங்கள் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன், ஏனென்றால் நான் இதில்தான் சாப்பிடுகிறேன்.

13,720 ரூபாய் இழந்த பிறகு ஆறு மாதம் லேப்டாப்பைத் தொடவில்லை. அப்புறம்தான் ஒரு வேலையை உருப்படியாகக் கற்றுக்கொண்டேன். பேசினதைக் கேட்டு எழுதும் வேலை, டிரான்ஸ்கிரிப்ஷன், சப்டைட்டில். முதலில் தமிழ்99 விசைப்பலகையில் கை பழகவே ஒன்றரை மாதம் ஆனது. ஆரம்பத்தில் ஒரு மணி நேர ஆடியோவை எழுத எனக்கு ஏழு மணி நேரம் ஆகும், இப்போது நாலு. முதல் மூன்று மாதத்தில் வந்த மொத்த வருமானம் 2,300 ரூபாய். இப்போது நல்ல மாதத்தில் 20,000 தாண்டும், மந்தமான மாதத்தில் 7,000 கூட வராது. ஆராய்ச்சி செய்கிறவர்கள் கிராமத்தில் எடுத்த பேட்டிகளை அனுப்புகிறார்கள், கன்னியாகுமரிப் பேச்சையும் கொங்குப் பேச்சையும் காதில் பிரித்துக் கேட்க ஆள் வேண்டியிருக்கிறது, மெஷின் அதில் இன்னும் தடுமாறுகிறது.

18,000 ரூபாய் ஐந்து நாளில் என்றால், நான் இத்தனை பழகின பிறகும் எனக்குக் கிடைக்காத கூலி அது. யாருக்கும் செய்யத் தெரிந்த வேலைக்கு யாரும் அவ்வளவு கொடுக்க மாட்டார்கள். இந்த ஒரு கணக்கு அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தால் போதும்.

கற்றுக்கொள்ளக் காசு கட்ட வேண்டியதே இல்லை. ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியலில் லிப்ரெ ஆபீஸ் மாதிரி மென்பொருள்களுக்குத் தமிழிலேயே பாடம் இருக்கிறது, காலேஜ் பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' பயிற்சித் திட்டம் இருக்கிறது. 'ஏழு நாளில் லட்சம் சம்பாதிக்கும் ரகசியம்' என்று 999 ரூபாய்க்கு கோர்ஸ் விற்கிறவர்களிடம் போகாதீர்கள்.

மதுரை_வெட்டுமேசை
புதன், இரவு 11:10

வீடியோ எடிட்டிங் செய்கிறேன், நான்கு வருடம். ஃப்ரீலான்ஸ் வேலை கிடைக்கும் ஃபைவர் வெப்சைட்டில் நாம் வாங்குவதில் 20 சதவீதம் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். வயிறு எரியும்தான், ஆனாலும் முதல் ஒரு வருடம் அங்கேயே இருங்கள். கிளையன்ட் கட்டின பணத்தை நடுவில் பிடித்து வைத்திருந்து வேலை முடிந்ததும் கொடுக்கிறார்கள். அந்தப் பாதுகாப்பை உடைக்கத்தான் 'டெலிகிராமுக்கு வாங்க, கமிஷன் மிச்சம்' என்று முதல் மெசேஜிலேயே கூப்பிடுவார்கள். போனால் உங்கள் அக்கவுன்டும் போகும், விதியில் அப்படித்தான் இருக்கிறது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் கிளையன்ட் ஒருவர் சமையல் சேனல் வைத்திருக்கிறார். ஸ்பான்சர் என்று ஒரு மெயில், மிக அழகான ஆங்கிலம், லோகோ, ஒப்பந்தம், எல்லாம். 'புரொமோ வீடியோவும் விவரமும் இந்த ஜிப் ஃபைலில் இருக்கிறது, பாஸ்வேர்ட் இது' என்று இருந்தது. எடிட்டர் என்பதால் எனக்கு ஃபார்வர்ட் செய்தார், நான் திறந்தேன். உள்ளே வீடியோ ஐகானோடு ஒரு ஃபைல், கடைசியில் டாட் எஸ்சிஆர், அப்படியென்றால் அது வீடியோ இல்லை, ஓடக்கூடிய புரோகிராம். கிளிக் செய்தபோது எதுவும் நடக்கவில்லை. 40 நிமிடத்தில் சேனலின் பெயர் மாறி கிரிப்டோ லைவ் ஓடிக்கொண்டிருந்தது. டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டிருந்தோமே என்று கேட்பீர்கள். பாஸ்வேர்டை அவர்கள் தொடவே இல்லை, ஏற்கெனவே லாகின் ஆகி இருப்பதைப் பிரவுசர் நினைவில் வைக்கும் குக்கி என்ற சின்னப் பதிவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கூகுளே 2021 அக்டோபரில் யூடியூபர்களைக் குறிவைத்து நடக்கும் இந்த வேலையைப் பற்றி எழுதியிருக்கிறது, நான் எல்லாம் நடந்த பிறகுதான் படித்தேன்.

சேனல் 11 நாளில் திரும்பக் கிடைத்தது. அந்த 11 நாளும் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு இல்லை. இப்போது விண்டோஸில் ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகளை மறைக்கும் செட்டிங்கை எடுத்துவிட்டேன். பாஸ்வேர்ட் போட்ட ஜிப்பை யார் அனுப்பினாலும் திறப்பதில்லை, டிரைவில் வீடியோவாகவே போடச் சொல்கிறேன். மெயிலுக்குள்ளேயே பாஸ்வேர்டையும் எழுதி அனுப்புகிறார்கள் என்றால், ஜிமெயிலின் வைரஸ் சோதனை உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது என்பதுதான் நோக்கம்.

திருப்பூர்_மெர்ச்சண்டைசர்
வியாழன், காலை 7:30

சின்ன ஆட்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் முன்பு இருந்த எக்ஸ்போர்ட் கம்பெனியில் 17 வருட பழக்கமுள்ள பையர், அவருக்கு எங்கள் பெயரில் ஒரு மெயில் போயிருக்கிறது, 'ஆடிட் நடப்பதால் இந்த ஷிப்மென்டுக்கு மட்டும் வேறு வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள்' என்று. எங்கள் டொமைனில் 'எம்' இருக்கும் இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் சேர்த்துப் போட்டிருந்தார்கள், ஆங்கிலச் சின்ன எழுத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்று மாதிரித்தான் தெரியும். இன்வாய்ஸ் எண், ஸ்டைல் எண், தொகை எல்லாம் சரியாக இருந்தது, ஏனென்றால் எங்கள் மெயில் பாக்ஸுக்குள் யாரோ மாதக்கணக்காக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். எல்லா மெயிலையும் வெளியே ஃபார்வர்ட் செய்யும்படி ஒரு ரூல் போட்டு வைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. பணம் போனது போனதுதான்.

ஃப்ரீலான்ஸ் செய்கிறவர்கள் இன்றைக்கே உங்கள் மெயில் செட்டிங்கில் ஃபார்வர்டிங், ஃபில்டர் இரண்டையும் திறந்து பாருங்கள். நீங்கள் போடாதது ஏதாவது இருந்தால் எடுத்துவிட்டு பாஸ்வேர்டை மாற்றுங்கள். முதல் இன்வாய்ஸ் அனுப்பும்போதே 'எங்கள் வங்கிக் கணக்கு மாறினால் போனில் பேசித்தான் சொல்வோம், மெயிலில் சொல்ல மாட்டோம்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

முதல்தலைமுறை
வியாழன், காலை 10:12

1,499 கட்டவில்லை அண்ணா, நன்றி. இன்னொன்று கேட்கலாமா? என் ரூம்மேட் தன் வங்கிக் கணக்கில் வெளியூர் கம்பெனிப் பணம் வாங்கி அடுத்த கணக்குக்கு அனுப்புகிறான், 2 சதவீதம் கமிஷன். 'பேமென்ட் பிராசஸிங் அசோசியேட்' என்று ஆஃபர் லெட்டர் கூட மெயிலில் வந்திருக்கிறது. அவன் யாரையும் ஏமாற்றவில்லையே?

ஓய்வுபெற்றகணக்கர்
வியாழன், காலை 10:31

ஏமாற்றப்பட்டவர்களின் பணம்தான் தம்பி அது. மேலே ஒருவர் பொண்ணு நகை போனது என்று எழுதியிருக்கிறாரே, அந்த மாதிரிப் பணம் உன் நண்பன் கணக்கு வழியாகத்தான் போகிறது. போலீஸ் பணத்தைத் துரத்தி வரும்போது முதலில் கிடைப்பது அவன் பெயரும் முகவரியும்தான், அவனுக்கு மேலே இருப்பவன் யாரென்று அவனுக்கே தெரியாது. கணக்கை முடக்குவார்கள், வழக்கில் பெயர் சேரும், நாளைக்கு பாஸ்போர்ட் வெரிஃபிகேஷனிலும் வேலைக்குச் சேரும்போதும் அது வந்து நிற்கும். இன்றைக்கே நிறுத்தச் சொல். மெயில், மெசேஜ் எதையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, அப்பாவையும் ஒரு வக்கீலையும் கூட்டிக்கொண்டு அவனாகவே போலீஸிடம் போவது நல்லது.

சர்வர்_அறை
வியாழன், மதியம் 12:05

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, ஐடி வேலை என்று மெயிலில் ஆஃபர் வரும். டூரிஸ்ட் விசாவில் கூட்டிக்கொண்டு போய் எல்லை தாண்டி மியான்மரிலோ கம்போடியாவிலோ அடைத்து வைத்து, நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கும் இதே மோசடிகளைச் செய்ய வைப்பார்கள். 2022 அக்டோபரில் மியான்மரின் மியாவாடியிலிருந்து மீட்கப்பட்டுச் சென்னைக்கு வந்தவர்கள் நம் ஊர்ப் பையன்கள். அதட்டி மெயில் அனுப்புகிறவர்களில் சிலர் அப்படி மாட்டிக்கொண்டவர்களாகக் கூட இருக்கலாம் என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

பொருநைக்கரை_மீனா
ஞாயிறு, இரவு 10:45

எல்லோருக்கும் வணக்கம், என்ன ஆனது என்று எழுதுகிறேன்.

சிஎன்ஆர் எண்ணுக்குப் பதில் வரவில்லை. தொகை மட்டும் குறைந்தது, 'ஸ்பெஷல் செட்டில்மென்ட், 2,950 கட்டினால் போதும்' என்று வியாழக்கிழமை ஒரு மெயில். வெள்ளிக்கிழமை 'கடைசி வாய்ப்பு' என்று இன்னொன்று. அன்றைக்கு ராத்திரி வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். கோபப்படுவார் என்றுதான் பயந்தேன். 'நாலு நாள் தூங்காமல் உட்கார்ந்தாயே, அப்போதே கேட்டிருக்க வேண்டியது நான்தான்' என்றார். சனிக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து சைபர் கிரைம் போர்ட்டலில் புகார் போட்டோம், எல்லா மெயிலையும் அழிக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன், ஒப்புகை எண் வந்துவிட்டது. எம்-ஆதாரில் பூட்டியாகிவிட்டது. குழு தவணையும் கட்டியாகிவிட்டது.

அக்கா, நீங்கள் எழுதினதை வைத்து எனக்கு என்ன தெரியும் என்று யோசித்தேன். டேலி தெரியும், ஜிஎஸ்டி தெரியும். 14-ஆம் தேதி ஜிஎஸ்டி போர்ட்டலில் 2பி, அதாவது விற்றவர்கள் பதிவு செய்த பில்களின் பட்டியல், வந்ததும் பர்ச்சேஸ் பில்லோடு ஒப்பிட்டு எது விட்டுப்போனது என்று எடுத்துக் கொடுப்பேன், அந்த வேலை எனக்கு நன்றாக வரும். பழைய ஆடிட்டர் சாருக்குப் போன் செய்தேன். இரண்டு கடை இருக்கிறது, ஒரு எலக்ட்ரிக்கல், ஒரு உரக்கடை, பில்லை ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்கிறேன், வீட்டிலிருந்தே போடு, ஒரு கடைக்கு மாதம் 1,500 தருகிறேன் என்றார். கடைக்காரர்களுக்கு நானே ஒரு மெயில் எழுத வேண்டும். கீழே போட்டிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

'வணக்கம். ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து உங்கள் பர்ச்சேஸ் பில்களை இந்த மாதம் முதல் நான் பதிவு செய்கிறேன். ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் ஸ்கேன் நகல்களை இந்த முகவரிக்கு அனுப்புங்கள். சந்தேகம் இருந்தால் ஆடிட்டர் அலுவலக எண்ணுக்கே பேசி என்னைப் பற்றி உறுதி செய்துகொள்ளலாம். பணம் எதுவும் எனக்கு நேரடியாக அனுப்ப வேண்டாம்.'

கேட்டெழுதி
ஞாயிறு, இரவு 11:02

நன்றாக இருக்கிறது மீனா. ஒன்றே ஒன்று, 'வங்கி பாஸ்வேர்ட், ஜிஎஸ்டி லாகின் ஓடிபி எதையும் நான் கேட்க மாட்டேன்' என்று ஒரு வரி சேர். நாளைக்கு உன் பெயரில் வேறு யாராவது மெயில் அனுப்பினாலும் அவர்களுக்குப் பிடிபடும். சப்ஜெக்டில் கடையின் பெயரையும் மாதத்தையும் போடு, இல்லையென்றால் மார்ச் மாதம் தேடும்போது உனக்குத்தான் கஷ்டம்.

பொருநைக்கரை_மீனா
ஞாயிறு, இரவு 11:15

சேர்த்துவிட்டேன் அக்கா. காலையில் அனுப்புகிறேன், பையன் எழுந்துவிட்டான்.